தோட்டத்துப் பாலரும் விளையாட்டுக் கல்வியும்

அட்டன் பகுதித் தேயிலை மலைகளில் மாலைக் குளிர் இறங்கும் நேரம். அந்திக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்புகிறாள் ஒரு தாய். அடுப்பை மூட்டிய கையோடு, முதலாந் தரத்திற் சேர்ந்து சில வாரங்களே ஆன தன் மகளின் புத்தகப் பையை எடுத்துப் பார்க்கிறாள். கொப்பியின் பக்கங்கள் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கின்றன. "இன்னைக்கு என்ன படிச்ச?" என்று வினவுகிறாள். "விளையாண்டோம்மா" என்கிறாள் சிறுமி. "நேத்து?" "நேத்தும் விளையாண்டோம்." தாயின் முகம் வாடுகிறது. விளையாடுவதற்கு லயத்து வாசல் இல்லையா? அதற்கோ வெள்ளைச் சட்டை தைத்து, சப்பாத்து வாங்கி, மழையிலும் பனியிலும் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவது?

மலைநாட்டுத் தோட்டங்கள் தோறும் ஆண்டின் தொடக்கத்தில் எழுகின்ற கேள்வி இது. சில தாய்மார் இதனை ஆசிரியரிடமே கேட்கின்றனர். பலர் கேட்கக் கூசி, மனத்துள் வைத்துக்கொண்டு, அயலிலே கொப்பி நிறைய எழுதக் கொடுக்கும் மாலை வகுப்பு ஏதேனும் உண்டா எனத் தேடுகின்றனர். இக்கேள்வியை அறியாமை என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், அவ்வாறு ஒதுக்குவது முறையன்று. அக்கேள்விக்குப் பின்னே நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு நிற்கின்றது. அதனை அறிந்த பின்னரே தக்க விடை கூற இயலும்.

தென்னிந்தியாவிலிருந்து இம்மக்களின் முன்னோர் முதலிற் கோப்பித் தோட்டங்களுக்காகவே அழைத்துவரப்பட்டனர். 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைப் பயிரிட்டார். பின்னர்க் கோப்பி நோயால் அழிய, தேயிலை மலைகளை மூடிற்று. கோப்பிக்குப் பருவகாலத்தில் மட்டுமே மிகுதியான ஆள் வேண்டும். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். ஆகவே குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன. பிள்ளைகளும் அங்கேயே பிறந்து வளர்ந்தனர். புல் பிடுங்கவும் கொழுந்து பறிக்கவும் சிறு கைகளும் பயன்பட்டன. பேர் பதியும் வயது வந்ததும் பாலப்பருவம் முடிந்தது எனக் கொள்வதே அன்றைய வழக்கம்.

பாடசாலை என ஒன்று இருந்ததெனின், அது பெரும்பாலும் ஒரே மண்டபம், ஒரே ஆசிரியர். 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் ஆறு முதற் பத்து வயது வரையுள்ள தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்யும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்திற்று. சட்டம் ஒன்று கூற, நடைமுறை வேறாகவே பல தோட்டங்களில் இருந்தது. 1945ஆம் ஆண்டில் நாட்டில் இலவசக் கல்வி மலர்ந்த போதிலும், தோட்டப் பாடசாலைகள் தோட்டங்களுடனேயே நின்றன. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே அவை படிப்படியாக அரசின் பொறுப்பில் வந்தன. இடையிலே, 1948ஆம் ஆண்டின் சட்டத்தினாற் பிரசாவுரிமை இழந்த மக்கள், படிவங்களையும் பத்திரங்களையும் ஏந்தி அலுவலகந் தோறும் அலைந்தனர். அப்படிவங்களிற் கைநாட்டு இட்ட பெருவிரலின் நினைவு இன்னும் பல குடும்பங்களில் மறையவில்லை. அத்தகைய குடும்பத்திலே பிறந்த தாய்க்கு எழுத்து என்பது பொன். விளையாட்டு என்பது வீண். வெறுமையான கொப்பியைக் கண்டு அவள் அஞ்சுவதில் வியப்பென்ன?

இனி, விளையாட்டு என்பது தமிழர்க்குப் புதிதாக வந்த கல்வித் தத்துவமா என எண்ணிப் பார்ப்போம். பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகையைப் புலவர் பருவம் பருவமாக வகுத்தனர். செங்கீரை ஆடுவதும், சப்பாணி கொட்டுவதும், அம்புலியை அழைப்பதும், சிற்றில் இழைப்பதும், சிறுபறை முழக்குவதும், சிறுதேர் உருட்டுவதும் அப்பருவங்களிற் சில. குழந்தையின் வளர்ச்சியை அளப்பதற்கு அவர்கள் எடுத்த அளவுகோல் விளையாட்டே. விசயதசமியன்று ஏடு தொடக்கும்போது குழந்தையின் கையில் எழுதுகோலைக் கொடுப்பதில்லை. அரிசியைப் பரப்பி, விரலைப் பற்றி, அகரத்தை எழுதுவிக்கின்றோம். கண்ணாற் காணுமுன் விரலால் உணர்தல் என்னும் முறை அங்கே இருக்கின்றது. திண்ணைப் பள்ளியிலும் மாணாக்கன் முதலில் எழுதியது மணலில்தான்.

மேனாட்டிலே இவ்வுண்மையை முறைப்படுத்தியவர்களுள் முதன்மையானவர் ஜெர்மானிய நாட்டு ஃபிரோபல் என்பார். 1837ஆம் ஆண்டிற் பாலருக்கெனத் தனி நிலையம் ஒன்றைத் தொடங்கிய அவர், 1840ஆம் ஆண்டில் அதற்குக் 'கிண்டர்கார்டன்' எனப் பெயரிட்டார். குழந்தைகளின் தோட்டம் என்பது அதன் பொருள். கம்பளி நூற் பந்து, மரக்கோளம், கனசதுரம், உருளை என்பன அங்கே பாடநூல்களாயின. 1851ஆம் ஆண்டிற் பிரசிய அரசு அந்நிலையங்களைத் தடை செய்தது. எனினும் கருத்து அழியவில்லை. 1907ஆம் ஆண்டில் உரோமை நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பொன்றில் மரியா மொண்டிசோரி அம்மையார் தமது குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கவனிப்பாரின்றித் திரிந்த பிள்ளைகளே அங்கே முதன் மாணாக்கர். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவை அறிந்தவர்களுக்கு அந்நிலை நன்கு விளங்கும்.

1939ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்த மொண்டிசோரி அம்மையார் சென்னை அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்; 1944ஆம் ஆண்டில் இலங்கையிலும் பயிற்சி நடத்தினார். இன்று நம் நாட்டிற் பாலர் பள்ளியையே பலரும் மொண்டிசோரி என அழைக்குமளவிற்கு அப்பெயர் வேரூன்றிவிட்டது. அவருக்கு முன்னரே, 1920ஆம் ஆண்டிற் குசராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா என்னும் வழக்கறிஞர் தம் தொழிலை விடுத்துப் பாலர் கோயில் ஒன்றை அமைத்து, கதையாலும் ஆட்டத்தாலும் கல்வி புகட்டினார். ஆகவே, இம்முறை செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கென எழுந்த பொழுதுபோக்கு அன்று என்பது தெளிவு.

நம் நாட்டில் 1997ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட கல்விச் சீர்திருத்தம், 1998ஆம் ஆண்டிற் கம்பகா மாவட்டத்திலும் 1999ஆம் ஆண்டில் நாடெங்கிலும் முதலாந் தரத்திலிருந்து நடைமுறைக்கு வந்தது. ஆரம்பக் கல்வியின் ஐந்து ஆண்டுகளை அது மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்தது. முதலாம் இரண்டாம் தரங்கள் முதலாவது நிலை; மூன்றாம் நான்காம் தரங்கள் இரண்டாவது; ஐந்தாந் தரம் மூன்றாவது. வழிகாட்டப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை எனக் கற்றலுக்கு மூன்று வழிகளையும் அது கூறிற்று. முதலாவது நிலையில் விளையாட்டு மேலோங்கி நிற்கும். தரம் உயர உயர எழுத்து வேலை வளரும். பிள்ளை சேர்ந்த தொடக்க வாரங்களிற் பாடம் நடத்தாது, ஆடவும் பாடவும் வரையவும் விட்டு, அதன் இயல்பை இனங்காணும் ஏற்பாடும் அதில் அடங்கியிருந்தது. அதன்பின் பாடத்திட்டங்கள் திருத்தப்பட்டு வந்தபோதிலும், பாலருக்கு விளையாட்டே வாயில் என்னும் கொள்கை கைவிடப்படவில்லை.

கொள்கை நூலில் இருக்கட்டும். வகுப்பறையில் அது எவ்வாறு நடைபெறல் வேண்டும்? மலைச்சரிவிலே நிற்கும் ஒரு தோட்டப் பாடசாலையை நேயர்கள் மனக்கண்ணிற் காண்பார்களாக. முதலாந் தர ஆசிரியை ஒரு கூடை நிறையத் தேயிலைக் கொட்டைகளைக் கழுவி உலர்த்தி வைத்திருக்கிறார். காசு கொடுத்து வாங்கியவை அல்ல. பழைய தேயிலைச் செடிகளின் அடியிற் பொறுக்கியவை. பிள்ளைகள் நால்வர் நால்வராக வட்டமாக அமர்கின்றனர். ஒவ்வொரு குழுவுக்கும் நான்கு சிரட்டைகள். "ஆளுக்கொரு சிரட்டை, சிரட்டைக்கு ஐந்து கொட்டை" என்கிறார் ஆசிரியை. ஒரு சிறுவன் ஒன்று, இரண்டு, மூன்று எனப் பத்து வரை வேகமாகச் சொல்கிறான். ஆனால் அவன் விரல் ஒரே கொட்டையை இருமுறை தொடுகிறது, இன்னொன்றைத் தாண்டிச் செல்கிறது. அவனுக்கு எண்களின் பெயர் தெரியும், எண்ணத் தெரியாது. இவ்வேறுபாட்டைக் கொப்பி ஒருபோதும் காட்டாது. ஒன்று முதற் பத்து வரை நூறு முறை எழுதினாலும் அவன் குறை மறைந்தே கிடக்கும். சிரட்டையும் கொட்டையும் அதை ஒரு நிமிடத்தில் வெளிப்படுத்திவிடுகின்றன.

பின்பு ஆசிரியை ஆறு கொட்டைகளை நெருக்கமாக ஒரு வரிசையிலும், வேறு ஆறு கொட்டைகளை இடைவெளி விட்டு மற்றொரு வரிசையிலும் வைக்கிறார். "எதிற் கூட?" என்று கேட்கிறார். பல பிள்ளைகள் நீண்ட வரிசையையே காட்டுகின்றனர். சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் சான் பியாசே (1896–1980) இதனையே தம் ஆய்வுகளில் எடுத்துக்காட்டினார். இவ்வயதுக் குழந்தை கண்ணுக்கு நீளமாகத் தோன்றுவதையே மிகுதி என நம்பும். அல்லவென்று சொல்லித் திருத்துவதாற் பயனில்லை. தானே கொட்டையோடு கொட்டையை இணைத்து வைத்துப் பார்த்து, மிச்சம் ஒன்றுமில்லை எனக் காணும்போதுதான் எண் என்பது இடத்தையும் நீளத்தையும் சார்ந்ததன்று என்னும் உண்மை அதற்கு உரித்தாகிறது. கணிதம் என்னும் பெருமாளிகையின் அடிக்கல் அது. அடிக்கல் நாட்டுமுன் மாடி கட்டுவோர், நான்காந் தரத்திலே பிள்ளை கணக்கில் மக்கு என்று குறை கூறுவர்.

மொழியின் செய்தி இன்னும் நுண்ணியது. தோட்டத்துப் பிள்ளை பாடசாலைக்கு வரும்போது வெறும் வாயோடு வருவதில்லை. லயம், காம்பரா, பெரட்டுக் களம், மடுவம், கொழுந்து எனத் தன் உலகின் சொற்கள் யாவற்றையும் கொண்டுவருகிறது. பாடநூலின் தமிழ் அதற்குச் சற்றே அயலானது. "காம்பரா என்று சொல்லாதே, அறை என்று சொல்" என முதல் நாளிலேயே அதட்டினால், பிள்ளை சொல்லைத் திருத்திக்கொள்ளாது, வாயை மூடிக்கொள்ளும். வாய் மூடிய பிள்ளைக்கு வாசிப்பு வருவது அரிது. பேச்சிலே இல்லாத சொல்லை ஏட்டிலே அடையாளங் காண்பது எங்ஙனம்? நல்லாசிரியர் காம்பராவையும் ஏற்று, அதன் பக்கத்திலே அறையையும் உட்கார வைப்பார். இரண்டும் தமிழே, ஒன்று வீட்டிற்கு, ஒன்று ஏட்டிற்கு. மடகும்பரத் தோட்டத்திற் பிறந்து, ஆசிரியராகவும் விளங்கிய கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) இம்மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தது, அம்மொழியில் இருந்த செல்வத்தை உணர்ந்தமையாலன்றோ?

அம்மொழி தடையின்றி வெளிப்படும் இடம் பாவனை விளையாட்டாகும். ஆசிரியை வகுப்பின் ஒரு மூலையை மடுவமாக்குகிறார். ஒரு தடி, இரண்டு தகரப் பேணி, கொஞ்சம் கயிறு, தராசு தயார். பறித்த இலைகளுக்குப் பதிலாகக் காய்ந்த சருகு. ஒருவன் கணக்கப்பிள்ளை, ஒருத்தி கங்காணி, ஏனையோர் கொழுந்து பறிப்போர். தொடக்க வாரங்களிற் பெயரைக் கேட்டாலும் தலை குனிந்து நின்ற சிறுமி, அன்று சருகுக் கூடையுடன் தராசின் முன் நிற்கிறாள். கணக்கப்பிள்ளையாக நடிக்கும் சிறுவன், "எட்டுக் கிலோ. தண்ணிக்கு ரெண்டு கழிச்சாச்சு" என்கிறான். ஈரத்துக்கும் சாக்குக்கும் நிறையிற் கழிப்பது தோட்டப் பிள்ளைகள் தினமும் வீட்டில் கேட்கும் பேச்சு. சிறுமி தலை நிமிர்கிறாள். "ஏன் கழிக்கிறீங்க? இன்னைக்கு மழை பெய்யலையே!" என்கிறாள். அவ்வாண்டில் வகுப்பிலே அவள் உரத்துப் பேசிய முதல் வாக்கியம் அதுவே.

ஆசிரியை அப்போது குறுக்கிட்டு, "எட்டிலே இரண்டு போனால் எவ்வளவு என்று பார்ப்போமா?" என்கிறார். எட்டுக் கொட்டைகள் வருகின்றன, இரண்டு விலக்கப்படுகின்றன, ஆறு எண்ணப்படுகின்றன. கழித்தல் என்னும் சொல்லுக்கு அப்பிள்ளைகளின் உள்ளத்தில் அன்று ஒரு பொருள் உண்டாயிற்று. அது கரும்பலகையிற் கிடந்த கோடு அன்று. தாயின் உழைப்பிலிருந்து எடுக்கப்படும் ஒன்று. கணிதமும் மொழியும், கேள்வி கேட்கும் துணிவும் ஒரே வேளையில் ஒரே விளையாட்டினுள் விளைந்தன. இதனை எந்தக் கொப்பியின் எந்தப் பக்கத்தில் எழுதிக் காட்டுவது?

எழுதும் கைக்கும் விளையாட்டே பயிற்சி. ஐந்து வயதுக் கையின் சிறு தசைகள் இன்னும் உரம் பெறவில்லை. பென்சிலை இறுகப் பிடித்துப் பக்கம் பக்கமாக எழுதவைத்தால் விரல் நோகும். எழுத்தின்மேல் வெறுப்பும் தோன்றும். களிமண்ணைப் பிசைந்து உருட்டுதல், நூலிலே வித்துக் கோத்தல், கடதாசி கிழித்து ஒட்டுதல், மணலில் விரலோட்டுதல் என்பன அவ்விரல்களைப் பதப்படுத்துகின்றன. பின்னர், ட, ப என நேர்கோட்டால் ஆன எழுத்துகள் முதலில் வரும்; சுழியும் வளைவும் நிறைந்தவை அடுத்து வரும். நெடுங்கணக்கின் வரிசையிலே அகரம் முதலாவது என்பது உண்மை. ஆனால் விரலுக்கு எளியது எது என்பது வேறு கணக்கு.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். விளையாட்டின் பெயரால் நடப்பன எல்லாம் கல்வி ஆகிவிடா. பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு ஆசிரியர் பதிவேட்டை நிரப்பிக்கொண்டிருப்பது வழிகாட்டப்பட்ட விளையாட்டு அன்று. அது கைவிடப்பட்ட வகுப்பு. அவ்வாறே, நாற்பது பிள்ளைகளும் எழுந்து நின்று ஒரே பாட்டை ஒரே கையசைவுடன் நாள்தோறும் பாடுவதும் விளையாட்டு அன்று. அது வேறு உடை அணிந்த மனனமே. விளையாட்டு நடைபெறுமுன் ஆசிரியரின் உள்ளத்தில் நோக்கம் தெளிவாக இருத்தல் வேண்டும். நடைபெறும்போது அவர் கண் ஒவ்வொரு பிள்ளைமீதும் ஓடுதல் வேண்டும். வேண்டிய இடத்தில் ஒரு கேள்வி, வேண்டாத இடத்தில் மௌனம். முடிந்தபின், என்ன செய்தோம், எதைக் கண்டோம் எனப் பிள்ளைகள் வாயாற் சொல்லுதல் வேண்டும். அதன்பின் சிறிதளவு எழுத்து வேலையும் உண்டு. மடுவம் விளையாடிய பிள்ளை ஒரு கூடையை வரைந்து அதன் கீழே 6 என எழுதட்டும். அந்த இலக்கத்திற்கு உயிர் இருக்கும். எழுத்தே வேண்டாமென்று யாரும் கூறவில்லை. எழுத்து பொருளுக்குப் பின்னே வரல் வேண்டுமென்பதே கூறப்படுவது.

இடர்களும் இல்லாமலில்லை. பல தோட்டப் பாடசாலைகளில் இடம் குறுகியது; தட்டியொன்றே இரு வகுப்புகளைப் பிரிக்கும். இங்கே பாலர் பாடினால் அங்கே ஐந்தாந் தரத்தாரின் செவி கெடும். தென்மேற்குப் பருவ மழை பிடித்தால் அட்டனிலும் மஸ்கெலியாவிலும் வாரக்கணக்கில் வெளிமுற்றம் சேறாகும். ஆயினும் வழி உண்டு. உரத்த விளையாட்டுக்கும் மெல்லிய விளையாட்டுக்கும் நேரத்தை அயல் வகுப்பாசிரியருடன் பேசி வகுத்துக்கொள்ளலாம். பல்லாங்குழியும் அஞ்சாங்கல்லும் பாயளவு இடத்துள் அடங்குவன; எண்ணலையும் கைத்திறனையும் ஒருங்கே வளர்ப்பன. சிறு வித்துகளைப் பிள்ளைகள் வாயிலும் மூக்கிலும் இடாதவாறு பெரியவற்றையே தெரிந்து கொடுத்தல் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாகத் தேர்ந்த ஆசிரியர் வேண்டும். 1980களிலே தொடங்கிய சுவீடன் நாட்டு உதவித் திட்டமும், ஜெர்மானிய உதவியுடன் பத்தனையில் எழுந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியும் மலையகத்துக்கு மலையகத்திலிருந்தே பயிற்றப்பட்ட ஆசிரியரைத் தந்தன. லயத்தின் மொழியறிந்த ஆசிரியர் முதலாந் தரத்தில் நிற்பது பெரும்பேறு. அனுபவம் குறைந்தவரை முதலாந் தரத்திற்கும், சிறந்தவரைப் புலமைப்பரிசில் வகுப்பிற்கும் அனுப்புகின்ற வழக்கம் சில இடங்களிற் காணப்படுகிறது. அடித்தளத்திற்கு இளைத்த கல்லும் முகட்டிற்கு வலிய கல்லும் வைப்பது அது.

புலமைப்பரிசில் என்றதும் தாயின் கேள்வி மீண்டும் நினைவுக்கு வருகிறது. ஐந்தாந் தரப் பரீட்சையிற் சித்தி பெற்றால் நகரத்துப் பெரிய பாடசாலையில் இடம் கிடைக்கும். லயத்திலிருந்து வெளியேற ஒரு வழி திறக்கும். அந்த ஆசையிற் குற்றமில்லை. ஆகவே அத்தாய்க்குச் சொல்ல வேண்டுவது, "பரீட்சையை மறந்துவிடு" என்பதன்று. "உன் மகள் அந்த வழியில் நடக்கவேண்டுமானால் முதலிற் கால் உரம் பெறவேண்டும், அதைத்தான் இங்கே செய்கிறோம்" என்பதே. அதை வாயாற் சொன்னால் மட்டும் போதாது. காட்டவும் வேண்டும்.

காட்டுவது எப்படி? பெற்றோர் கூட்டத்தைக் கொழுந்து மும்முரமான காலை வேளையில் வைத்துவிட்டு, ஒரு நாட் சம்பளத்தை இழந்து வராத தாயை அக்கறையற்றவள் எனப் பழிப்பது நீதியன்று. வேலையில்லா நாளில், அல்லது அந்திக் கொழுந்து நிறுத்த பிறகு, லயத்துக்கு அண்மையிலேயே கூடலாம். அங்கே சொற்பொழிவு வேண்டியதில்லை. கொட்டைகளையும் சிரட்டைகளையும் பெற்றோர் முன் வைத்துப் பிள்ளைகளை விளையாட விட்டு, எங்கே எண்ணுகிறது, எங்கே ஒப்பிடுகிறது, எங்கே காரணம் சொல்கிறது என ஆசிரியர் சுட்டிக் காட்டினாற் போதும். சித்திரங்களையும் முதற் கிறுக்கல்களையும் மாத வாரியாகக் கோவையில் இட்டுவைத்தால், தை மாதத்துக் கோட்டையும் ஆடி மாதத்து எழுத்தையும் தாய் தானே ஒப்பிட்டுக் கொள்வாள். எழுத வாசிக்கத் தெரியாத தாயும் அக்கோவையை வாசித்துவிடுவாள்.

அன்றியும், அவள் வெறும் பார்வையாளராய் இருக்க வேண்டியதில்லை. அதிகாலையில் வாசலிற் கோலம் இடும்போது புள்ளிகளை வரிசையாக எண்ணுகிறவள் அவள். மூன்று வேளைக் கொழுந்தின் நிறையையும் மனத்திலே கூட்டி, துண்டிற் குறைந்தால் உடனே காண்கிறவள் அவள். பாட்டியர் அறிந்த விடுகதையும் கதையும் லயங்களில் இன்னும் இருக்கின்றன. காமன் கூத்துக் காலத்தில் தோட்டம் முழுவதும் ஆடிப் பாடுகிறது. பிள்ளைகள் பல நாட்களுக்கு அதையே ஆடிக் காட்டுகின்றனர். இவற்றைக் கல்விக்குப் புறம்பானவை எனக் கருதும் பழக்கத்தைப் பாடசாலைதான் அத்தாய்க்குக் கற்பித்தது. அதை மாற்றும் கடமையும் பாடசாலைக்கே உரியது. கோலத்தின் புள்ளியை மகளையும் எண்ணச் சொல்வதற்குக் காசும் வேண்டாம், தனி நேரமும் வேண்டாம்.

முதலாந் தரத்தின் ஓராண்டு சிறிது. ஆனால் அதில் ஒரு பிள்ளை தன்னைப் பற்றிக் கொள்ளும் எண்ணம் நெடுங்காலம் நிற்கும். எனக்கு முடியும் என்றோ, எனக்கு வராது என்றோ அது அங்கேதான் முடிவு செய்கிறது. தோட்டத்தைப் பொறுத்தவரையில் வராது என்று முடிவு செய்த பிள்ளைக்குச் செல்லும் இடம் பல இல்லை. பழைய நாளிற் பத்து வயதிலே பாடசாலையை விட்ட பிள்ளை மலைக்குப் போயிற்று. இந்நாளிற் பாதியில் விடும் பிள்ளை கொழும்புக் கடையொன்றின் பின்கட்டுக்கோ பிறர் வீட்டு அடுக்களைக்கோ போகிறது. அதன் விளையாட்டு முன்னர் பறிக்கப்பட்டது வேலைக்காக. இப்போது பாடத்தின் பெயராலும் அது பறிக்கப்படலாகாது.

அந்தத் தாய் அன்று மாலை கொப்பியை மூடி வைத்தாள் அல்லவா? மகள் ஓடிப்போய், சுளகிலிருந்த பயற்றை அள்ளித் தரையில் இரண்டு வரிசையாக வைக்கிறாள். ஒன்று நெருக்கமாக, ஒன்று அகலமாக. "அம்மா, எதுல கூட?" என்று கேட்கிறாள். களைப்போடு இருந்த தாய் நீண்ட வரிசையைக் காட்டுகிறாள். சிறுமி சிரிக்கிறாள். "எண்ணிப் பாரும்மா" என்று தாயின் விரலைப் பற்றிப் பயற்றின்மீது வைக்கிறாள். தாய் எண்ணுகிறாள், மறுபடியும் எண்ணுகிறாள். பிறகு மகளை நிமிர்ந்து பார்த்து, "இதை யாரு சொல்லிக் கொடுத்தா?" என்று கேட்கிறாள்.

"யாரும் சொல்லலை. விளையாண்டோம்."